வில்மாவின் கல்லறையில் கல்வாழை

அம்ப்ருஷின் வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'முடியாது'. எங்கள் ஊர்க் குழந்தைகள் அம்மா என்பதற்கு முன்னால் அதைத்தான் சொல்லக் கற்கின்றன. இந்த மனிதர் எழுபது வயது தாண்டியும் கற்றுக்கொள்ளவில்லை. அவருடைய கல்யாணமே அப்படி நடந்ததுதான். திராட்சை அறுவடை முடிந்த நடனத்தில், ஒரு மூலையில் ஒயின் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் வில்மா நேரே வந்து, "என்னக் கட்டிக்கிறியா, இல்ல விடிய விடிய அந்தக் கிளாஸயே கட்டிப் பிடிச்சிட்டு நிக்கப்போறியா?" என்று கேட்டாள். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். சரி என்றார். அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, அது வேறு விஷயம்.

வேலையும் அவருக்கு ஏற்ற வேலைதான். திஸா ஆற்றின் கரைக்காவலர். தினமும் கரைமேல் நடக்க வேண்டும், எலிவளை இருந்தால் அடைக்க வேண்டும், தண்ணீர் ஏறினால் தகவல் சொல்ல வேண்டும். ஆற்றிடம் 'முடியாது' என்று சொல்லும் பொறுப்பு கரையுடையது, அவருடையதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கரையோரத்து மேட்டு வீட்டிலேயே மனைவியோடும் அவள் வளர்த்த வாத்துகளோடும் இருந்துகொண்டார்.

அந்த மேட்டு வீடுதான் அவருக்கு வினையாக வந்தது. எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. இரண்டு மண்வெட்டி ஆழம் தோண்டினால் தண்ணீர். மற்றவர்கள் வீட்டில் நிலவறை என்று இருப்பதெல்லாம் படிக்கட்டு வைத்த கிணறுதான். ஊரிலேயே காய்ந்த நிலவறை அம்ப்ருஷ் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

நிலவறையைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்றால், கல்வாழைக்காகத்தான். எங்கள் ஊரில் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குச் சிவப்புக் கல்வாழை நிற்காத வீடு கிடையாது. நிற்கவில்லை என்றால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். கோடை முழுக்க ஊரே பட்டாளம் அணிவகுத்த மாதிரி இருக்கும். அக்டோபர் கடைசியில் முதல் உறைபனி விழும். மறுநாள் காலையில் இலையெல்லாம் கறுத்துத் தொங்கிவிடும். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கை மண்ணோடு தோண்டி எடுத்து, அடுத்த மே வரை எங்காவது வைத்துக் காப்பாற்ற வேண்டும். அந்த எங்காவதுதான் தலைவலி. குளிராக இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. இருட்டு வேண்டும், காற்றும் வேண்டும். ஈரத்தில் கிடந்தால் அழுகும், அடுப்புப் பக்கம் வைத்தால் சுருங்கும். இத்தனை நிபந்தனை மாப்பிள்ளை வீட்டார்கூடப் போடுவதில்லை.

முதலில் வந்தவள் தபால்காரி போர்பாலா. இரண்டே இரண்டு கிழங்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, உங்க நிலவறையில ஒரு ஓரமா கெடந்துட்டுப் போகட்டும். என்ன சோறா கேக்கப்போகுது?"

"வச்சிட்டுப் போம்மா," என்றார் அம்ப்ருஷ்.

அவ்வளவுதான். அடுத்த வருடம் பக்கத்துத் தெரு, அதற்கடுத்த வருடம் ரொட்டிக்கடை, பிறகு பங்குத்தந்தை. கல்வாழை ஒரு பொல்லாத சாதி. மே மாதம் உள்ளங்கை அளவு கிழங்கை நட்டால் அக்டோபரில் வாளி அளவுக்குத் திரண்டு நிற்கும். உயிருள்ள கிழங்கைத் தூக்கி எறிகிற பாவத்தை எங்கள் ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள். ஆகவே அம்ப்ருஷ் வீட்டுக்கு வருவது வருடாவருடம் பெருத்துக்கொண்டே போனது. அடையாளத்துக்காக அவரவர் பழைய துணியில் மூட்டை கட்டித் தருவார்கள். போர்பாலாவுடையது நீளக் காலுறைகளில், ரொட்டிக்கடைக்காரருடையது பைஜாமாவில், பங்குத்தந்தையுடையது பழைய அங்கியின் கையில். ஜனவரி மாதம் அந்த நிலவறைக்குள் விளக்கோடு இறங்கினால், ஊரே வந்து குப்புறப் படுத்துத் தூங்குவது மாதிரி இருக்கும்.

இத்தனைக்கும் அவருக்கு யாரும் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. நன்றிகெட்ட ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. செடி கொடியைக் கொடுத்தவருக்கு நன்றி சொன்னால் அது வேர் பிடிக்காது. இது எங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் மே மாதம் மூட்டையைத் திருப்பி வாங்கும்போது மரியாதைக்கு ஏதாவது திட்டிவிட்டுப் போவார்கள். "என்ன மாமா, கெழங்கு உங்க மூஞ்சி மாதிரியே சுருங்கிக் கெடக்கு," என்பாள் போர்பாலா. "அடுத்த வருஷம் வேற எடம் பாத்துக்கோ," என்பார் அவர். அக்டோபரில் அவள் காலுறைகளோடு வந்து நிற்பாள்.

வில்மாவுக்குக் கல்வாழைமேல் கோபம் இல்லை. தண்ணீர்மேல்தான் கோபம். அவளுடைய அப்பாவைப் பழைய கல்லறைத் தோட்டத்தில், பள்ளத்தில் புதைத்திருந்தார்கள். அடுத்த வசந்தத்தில் ஆறு கரையை மீறியபோது சவப்பெட்டி மேலே வந்து, இரண்டு தெரு கடந்து மிதந்து, பந்தாட்ட மைதானத்தின் கோல் வலையில் போய்ச் சிக்கி நின்றது. அந்த மனிதர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாள்கூடப் பந்தாட்டம் பார்க்கப் போனவரில்லை. ஊர் சிரித்தது. நானும் சிரித்தவன்தான். வில்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் சிரிக்கவில்லை, இன்றுவரை அந்த மைதானத்துப் பக்கம் போனதுமில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, காய்ந்த இடத்தில் படுக்க வேண்டும். ஊருக்கு வெளியே மேட்டில் புதுக் கல்லறைத் தோட்டம் வந்ததும் அப்பாவை அங்கே மாற்றினாள். பிறகு வாத்து வளர்த்து, இறகு விற்று, வருடக்கணக்கில் சேர்த்து, மேட்டின் உச்சியில் தனக்கும் அம்ப்ருஷுக்குமாகக் கான்கிரீட்டில் நிலத்தடிக் கல்லறை கட்டினாள். உள்ளே இரண்டு பக்கமும் ஆள் நீளத்துக்குத் திட்டு. மேலே கறுப்பு மூடுகல். அதில் இரண்டு பேருடைய பெயரும் பிறந்த வருடமும், பக்கத்தில் ஒரு கோடும், கோட்டுக்கு அந்தப் பக்கம் வெற்றிடமும். இதிலொன்றும் அதிசயமில்லை, எங்கள் ஊரில் வசதி உள்ளவர்கள் எல்லாரும் முன்கூட்டியே கட்டி வைப்பதுதான். வில்மா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக அங்கே போய், ஈரத் துணியால் தன் பெயரைத் துடைத்துவிட்டு வருவாள். மற்ற பெண்கள் திரைச்சீலை மாற்றுவதில் அடைகிற திருப்தியை அவள் அதில் அடைந்தாள்.

அந்த வருடம் ஆகஸ்டில் பிடித்த மழை அக்டோபரில்தான் விட்டது. ஒரு நாள் காலை அம்ப்ருஷ் உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குள் இறங்கினார். கடைசிப் படியில் வைத்த கால் முழங்கால்வரை உள்ளே போனது. செருப்பு தனியாகக் கழன்று மிதந்தது.

"வில்மா, நம்ம நிலவறையிலயும் தண்ணி வந்திடுச்சு."

"அப்பாடா," என்றாள் வில்மா. "இனிமேலாவது ஊர்க்காரன் கெழங்க வாங்காத. வாசல்லயே நின்னு சொல்லிடு. சொல்லுவியா?"

"சொல்றேன்."

சொல்வதற்காகவே அவர் வாசலில் போய் நின்றார். முந்தின இரவுதான் உறைபனி விழுந்திருந்தது. போர்பாலா தபால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சைக்கிளின் இரண்டு பக்கமும் காலுறைகள் உப்பித் தொங்கின.

"போர்பாலா, இந்த வருஷம் நிலவறையில என்னன்னா..."

"தெரியும் மாமா, எட நெருக்கடி. எல்லாரும் கொண்டாந்து கொட்டினா நீங்க என்னதான் பண்ணுவீங்க? ஊருக்கு ஒரு வெவஸ்தையே இல்ல. என்னோடத மட்டும் எப்படியாவது நொழச்சிடுங்க."

"சரிம்மா."

சாயங்காலத்துக்குள் வாசலில் ஒரு ஆள் உயரத்துக்கு மூட்டை. வில்மா விருந்தாளிக்கென்று வைத்திருந்த நல்ல அறையைப் பூட்டிச் சாவியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அம்ப்ருஷ் பரணைப் பார்த்தார், அங்கே உறைந்துவிடும். வாத்துக் கொட்டிலைப் பார்த்தார், வாத்துகள் தின்றுவிடும். மூட்டைகளுக்கு மேல் தன் குளிர்கோட்டைப் போர்த்திவிட்டு, தானே நடுங்கிக்கொண்டு இரண்டு இரவு கழித்தார்.

மூன்றாம் நாள் வில்மா அவரைக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பினாள். கல்லறைத் திருநாள் வருகிறது, சருகைக் கூட்டிவிட்டு வா என்றாள். அங்கே குழிவெட்டும் பாலிந்த் மண்வெட்டியில் சாய்ந்து நின்றிருந்தான். அம்ப்ருஷ் தன் கஷ்டத்தை அவனிடம் கொட்டினார். அவன் கேட்டுவிட்டு மூடுகல்லைக் காலால் தட்டினான்.

"இது எதுக்கு மாமா சும்மா கெடக்கு?"

"இது எங்களுக்குடா."

"இப்பவேவா படுக்கப்போறீங்க? உள்ள கோடையிலயும் குளிர்லயும் ஒரே எட்டு டிகிரி. ஒரு பொட்டு ஈரம் கெடையாது. ஆகஸ்ட்ல நான் பீர் பாட்டில எங்க வைக்கிறேன்னு நெனச்சீங்க?"

"எங்க கல்லறையிலயா வைக்கிற?"

"இந்த மேட்டுலயே உங்களுதுதான் நல்ல காத்தோட்டம்," என்றான் பாலிந்த், பாராட்டாக.

அம்ப்ருஷ் குனிந்து மூடுகல்லின் இடுக்கில் கையை வைத்துப் பார்த்தார். குளிர் உண்டு, உறையாது. இருட்டு உண்டு, காற்றும் உண்டு, ஈரம் இல்லை. கல்வாழைக்காகவே கட்டிய மாதிரி இருந்தது. அன்று மதியமே கைவண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். பாலிந்த் கடப்பாரையால் கல்லை நகர்த்தினான். அம்ப்ருஷ் முதலில் தன் பக்கத்துத் திட்டில் அடுக்கினார். அது கூரைவரை நிறைந்துவிட்டது. வண்டியில் பாதிக்குமேல் இன்னும் இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியின் பக்கத்தைப் பார்த்து, "கோவிச்சுக்காத, வில்மா," என்றார். அப்புறம் போர்பாலாவின் காலுறைகளைத் தலைமாட்டில் வைத்தார்.

வில்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டது, வீட்டுக்குத்தான் தெரியவில்லை.

கல்லறைத் திருநாள் அன்று பொழுது சாயும் நேரம், வில்மா ஒரு கையில் செவ்வந்தியும் மறு கையில் மெழுகுவர்த்தியுமாக மேட்டில் ஏறினாள். ஊரே அங்கேதான் இருந்தது. எல்லாக் கல்லறையிலும் வெளிச்சம். உச்சியில் ஒரு கல்லறை மட்டும் தீப்பிடித்ததுபோல் ஜொலித்தது. யாரோ பெரிய மனிதர் செத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனாள். தன் பெயரைப் படித்தாள். கல் முழுக்க மெழுகுவர்த்தி. ஒரு கணம் தான் செத்துப்போய்விட்டோமோ, வீட்டில் யாரும் சொல்லவில்லையோ என்றுதான் நினைத்தாளாம்.

போர்பாலா குனிந்து இன்னொன்றை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி இது?" என்றாள் வில்மா.

"கெழங்குக்குத்தான் அத்தை. வந்தது வந்தோம், நம்ம பொருளும் உள்ள இருக்கே, ஒண்ணு ஏத்திட்டுப் போவோம்னு."

வில்மா செவ்வந்தியை அப்பாவின் கல்லறையில் வைக்க மறந்து கையோடு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். அம்ப்ருஷ் அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா பந்து மைதானத்துல போய் ஒதுங்கினாரு. நான் எங்க போய் ஒதுங்கறது, அம்ப்ருஷ்?"

"நீ எங்கயும் போகலயே."

"போயிட்டா?"

"மே மாசம் எல்லாத்தயும் வெளிய எடுத்திடுவேன்."

"அப்ப மே மாசம் வரைக்கும் நான் உசுரக் கையில புடிச்சிட்டு ஒக்காந்திருக்கணும். போர்பாலா காலுறைக்கு எடம் இருக்கு, எனக்கு இல்ல. நான் வாத்து மேச்சு கட்டின எடம்."

அம்ப்ருஷ் அடுத்த பூண்டை எடுத்து உரித்தார். அன்றோடு வில்மா அவரிடம் பேச்சை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதை வாத்துகளிடம் சொன்னாள். "சூப் ஆறிப்போச்சுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லுங்க," என்பாள். வாத்துகள் கத்தும், அவர் வந்து சாப்பிடுவார்.

வாரம் ஒரு முறை அவர் மேட்டுக்குப் போவார். பாலிந்த் கல்லை நகர்த்துவான். இவர் விளக்கோடு உள்ளே இறங்கி, அழுகின இடத்தைச் செதுக்கிச் சாம்பல் பூசி, சுருங்கினதுக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு மேலே வருவார். தன் பெயர் பொறித்த கல்லுக்குக் கீழிருந்து ஒரு மனிதர் சாம்பல் அப்பின முகத்தோடு எழுந்து வருவது ஊருக்குப் பழகிவிட்டது. "உள்ள எப்படி மாமா?" என்று கேட்பார்கள். "சௌகரியந்தான்," என்பார் அவர். வெளியூரிலிருந்து தன் அத்தையின் கல்லறைக்குப் பூ வைக்க வந்த ஒருவருக்குத்தான் பழக்கமில்லை. அதற்குப் பிறகு அவர் அத்தையைப் பார்க்க வரவே இல்லை.

ஜனவரியில் வாத்துகளின் தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டியை உடைக்கப்போய் வில்மாவுக்குச் சளி பிடித்தது. ஒரே வாரத்தில் அது நிமோனியா ஆனது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி ஆற்றோரம் பள்ளத்தில் இருக்கிறது, நான் வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு அம்ப்ருஷைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருந்து வேலை செய்யும் மாமா. ஆனா அவங்க மனசு வைக்கணும். பாத்தா, மூட்டை கட்டிட்டு ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி படுத்திருக்காங்க."

அது உண்மைதான். கறுப்பு உடையை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைக்கச் சொல்லியிருந்தாள்.

அடுப்படி ஊர்ச்சனத்தால் நிறைந்தது. ஆளுக்கொரு பாத்திரம் கோழி சூப் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் நிஜமாகவே வருத்தம்தான். அதில் பொய்யில்லை. ஆனால் வெளியே மைனஸ் பதினெட்டு. ஒவ்வொருவருக்கும் மனசின் இன்னொரு மூலையில் வேறொரு கவலையும் இருந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் போர்பாலாதான் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

"மாமா, எனக்கு அத்தைன்னா உசுரு. உங்களுக்கே தெரியும். ஆனா ஒரு பேச்சுக்கு... அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா, நம்ம கெழங்க எங்க மாத்துவீங்க?"

பங்குத்தந்தை வில்மாவுக்கு எண்ணெய் பூசி நோயில் பூசுதல் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அம்ப்ருஷின் தோளில் கை வைத்து, கடவுள் பெரியவர் என்றார். கொஞ்சம் தயங்கி, "என் அங்கிக் கை வலது பக்கமா, எடது பக்கமா?" என்றார்.

"உங்களோடது என் பக்கந்தான் ஃபாதர்."

"அப்ப பரவாயில்ல," என்றவர், சொன்ன பிறகு தன் காதிலேயே அது விழுந்து, முகம் சிவந்து தொப்பியைத் தேடினார்.

உள்ளேயிருந்து வில்மா கூப்பிட்டாள். நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக வாத்துகளைத் தாண்டி அவரைக் கூப்பிட்டாள்.

"அம்ப்ருஷ். போய் என் எடத்தக் காலி பண்ணு."

"வெளிய எடுத்தா ஒரு மணி நேரத்துல எல்லாம் கூழாயிடும், வில்மா. ஊர் மொத்தத்தோட கெழங்கும்."

"கூழாகட்டும். எனக்கு எடத்த ரெடி பண்ணு. சொன்னதக் கேக்கறது உனக்குப் பழக்கந்தானே. எல்லாருக்கும் சரின்னு சொன்னவன்தானே நீ. எனக்கும் ஒரு தடவ சொல்லிட்டுப் போ."

"சரி," என்றார் அம்ப்ருஷ்.

சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு அவர் மேட்டில் ஏறுவதை ஊரே ஜன்னலிலிருந்து பார்த்தது. யாரும் தடுக்கவில்லை. பாலிந்த் கல்லை முழுசாகத் திறந்து வைத்துக் கையை ஊதிக்கொண்டிருந்தான். அம்ப்ருஷ் இறங்கினார். மனைவியின் பக்கத்தில் கால்மாட்டிலிருந்து தொடங்கினார். பைஜாமாவை எடுத்தார், ஒரு பழைய கவுனை எடுத்தார். எடுக்க எடுக்க வெறும் கான்கிரீட் தெரிந்தது. முதலில் கால் நீளத்துக்கு, பிறகு இடுப்பு வரைக்கும். வெறுந்திட்டைக் கையால் தடவிப் பார்த்தார். உறுத்தாமல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். அப்போதுதான் தன் கை என்ன செய்கிறது என்று அவருக்கே புரிந்தது. வில்மாவுக்குப் படுக்கை போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் ஊர்த் துணிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்தார். ஐம்பது வருடமாகப் பக்கத்தில் குறட்டைவிட்டவள், திட்டினவள், அவர் சார்பில் ஊரோடு சண்டை போட்டவள். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார், நினைக்க வரவில்லை. அழுதார். மேலே இருப்பவனுக்குக் கேட்கும்படியாகவே அழுதார்.

"மாமா, தூக்கிக் குடுங்க. வெரலு விறைக்குது," என்றான் பாலிந்த்.

"மூடு."

"நீங்க உள்ளதானே இருக்கீங்க?"

"நான் வெளிய வந்ததும் மூடுடா."

எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்தில் வைத்தார். பைஜாமாவை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, இடுக்கில்லாமல் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலி பண்ணிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"முடியாது."

அடுப்படியில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள்.

"என்ன சொன்ன?"

"முடியாதுன்னு சொன்னேன். அங்க எடம் இல்ல, வில்மா. ரெண்டு பக்கமும் நெறஞ்சு கெடக்கு. மே மாசம் வரைக்கும் ஒருத்தரயும் உள்ள விட முடியாது. உன்னயும் விட முடியாது."

வில்மா எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாகத் தலையைத் தூக்காதவள், கையூன்றி, மூச்சு வாங்க, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது என் வாத்து. என் காசு. என் கல்லற."

"ஆமா. ஆனா எடம் இல்ல."

அதற்குப் பிறகு அவள் பேசியதை அப்படியே எழுதினால் யாரும் அச்சடிக்க மாட்டார்கள். நடனத்தில் பிடித்த ஒயின் கிளாஸில் தொடங்கினாள். அவருடைய அம்மா, அவருடைய சோம்பல், வாழ்க்கையில் முதல்முதலாக முடியாது என்று சொல்ல அவருக்குக் கிடைத்த ஆள். நடுவில் இருமினாள், வியர்த்தாள், தலையணையை எறிந்தாள். தொண்டை வறண்டபோது, "ஏய் போர்பாலா, அந்த சூப்ப எடுத்துட்டு வா, இவன நான் இன்னும் முடிக்கல," என்றாள். ஒரு கிண்ணம் குடித்துவிட்டு அவருடைய தம்பியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அம்ப்ருஷ் தொப்பியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். எதிர்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். எடம் இல்ல என்றார், கேட்டபோதெல்லாம்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. ஊசி பிடித்துக்கொண்டது என்றார் டாக்டரம்மா. படித்தவர், சரியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரியில் வில்மா சுவரைப் பிடித்து நடந்தாள். மார்ச்சில் வாத்துகளை எண்ணி, அம்ப்ருஷுக்கு எண்ணத் தெரியாது என்று கண்டுபிடித்தாள். இடையிடையே கேட்பாள், "இப்பவாவது எடம் இருக்கா?" "இல்ல," என்பார். அந்தச் சொல் அவருக்கு நன்றாகப் பழகிவிட்டது.

மே மாதம், கடைசி உறைபனியைக் கொண்டுவருவார்கள் என்று ஊர் நம்புகிற பனிப் புனிதர்கள் மூவரின் நாளும் கழிந்த மறுநாள் கல்லைத் திறந்தார்கள். கல்லறையைச் சுற்றி ஊரே கூடையோடு நின்றது. அம்ப்ருஷ் உள்ளிருந்து எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொருவரும் முறைப்படி திட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் போன பிறகு வில்மா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். ஏணி வைக்கச் சொன்னாள். வேண்டாம் என்றவர்களைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு இறங்கினாள். தன் திட்டை மூலை மூலையாகத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு மழைக்கும் பனிக்கும் பிறகு ஒரு பொட்டு ஈரம் இல்லை. உதிர்ந்து கிடந்த மண்ணை ஏப்ரன் நுனியால் தட்டிவிட்டாள்.

"இப்ப காலிதானே?"

"காலி," என்றார் மேலிருந்து அம்ப்ருஷ்.

"அப்ப நான் இனிமே சாகலாம்."

"சாகலாம்," என்று பழைய பழக்கத்தில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வில்மா அண்ணாந்து அவரைப் பார்த்தாள். "பீன்ஸ் நடணும், மொளகாய் நாத்து முத்திப்போச்சு. இப்ப சாகறதுக்கு எங்க நேரம். கையக் குடு."

அந்தக் கோடையில் மழை அளவோடுதான் பெய்தது. நிலவறைத் தண்ணீர் வற்றிவிட்டது. அம்ப்ருஷ் சேற்றை வாரி, சுண்ணாம்பு அடித்து, மணல் கொட்டி வைத்தார். அக்டோபர் கடைசியில் உறைபனி விழுந்தது. போர்பாலா காலுறைகளோடு வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். அவர் முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிலவறைப் படியில் கால் வைத்தார்.

பின்னால் சக்கரம் கிறீச்சிட்டது. வில்மா கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, வாசலில் இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நிலவறதான் காஞ்சிடுச்சே, வில்மா."

"எனக்கும் கண்ணு இருக்கு. கையில இருக்கிறதக் கொண்டா."

ஏற்றினதோடு அவளே தள்ளினாள். கரையிறக்கத்திலும் மேட்டு ஏற்றத்திலும் அவரைத் தொடவிடவில்லை. பாலிந்த் கல்லை நகர்த்திவிட்டு உள்ளே இறங்கி நின்றான்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து அத்தை?"

"என் பக்கத்த மொதல்ல ரொப்பு. தலமாட்டுலேர்ந்து கால்மாடு வரைக்கும். வெரல் நொழயற சந்துகூட இருக்கக் கூடாது." பாலிந்த் அடுக்குவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அது நிறைந்ததும், "இவன் பக்கத்தயும் அப்படியே ரொப்பு," என்றாள்.

கல்லை மூடினார்கள். அம்ப்ருஷ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார். வில்மா அதைப் பார்த்துவிட்டாள். சொல்லித் தொலைக்காதே என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் நன்றி சொல்வதில்லை.

"என்ன நிக்கிற, மூஞ்சியப் பாரு, சுருங்கின கெழங்காட்டம்," என்றாள். ஈரத் துணியால் கல்லில் இருந்த இரண்டு பெயரையும் துடைத்தாள். காலி வண்டியை அவர் தள்ள, இரண்டு பேரும் கீழே இறங்கி வந்தார்கள்.

சுண்ணாம்பு அடித்த நிலவறை அந்தக் குளிர்காலம் முழுக்கச் சும்மாவே கிடந்தது.